பார்ட்டி யாரு?

செல்லவடிவு உட்கார்ந்திருந்தாள். பத்திர ஆபீசுக்கு வருகிறவர்கள் உட்காரத்தானே செய்வார்கள், இதில் என்ன அதிசயம் என்று கேட்பவருக்குப் புரோக்கர் வடிவக்காவைத் தெரியாது, அவ்வளவுதான். பாளையங்கோட்டைப் பக்கம் வீடு வாங்கினவர்களையோ விற்றவர்களையோ கேட்டுப் பாருங்கள், இந்த வராந்தாவில் அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார்கள். பெஞ்சு பார்ட்டிக்கு. வாங்குகிற பார்ட்டி ஒரு பக்கம், விற்கிற பார்ட்டி ஒரு பக்கம், நடுவில் அவர்கள் பை. புரோக்கர் தூணோரம் நிற்கணும், டோக்கன் நம்பரைக் காதில் வாங்கணும், நம்ம நம்பர் வந்துட்டு வாங்க சார் வாங்க என்று கூட்டிக்கொண்டு ஓடணும், சாட்சிக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை என்றால் தன் கையெழுத்தையே போட்டுக் கொடுக்கணும். தலை நரைக்கும்வரை அப்படி நின்றவள் இன்றைக்கு உட்கார்ந்திருந்தாள். அதுவும் எப்படி, பெஞ்சையும் சேர்த்துக் கிரயம் பேசிவிட்ட மாதிரி முதுகை நன்றாகச் சாய்த்து, புதுச் சேலையின் கொசுவம் கசங்காமல் ஒரு கையால் பிடித்து, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு. மேலே காற்றாடி சுற்றுகிறது, இந்த மூலைக்குக் காற்று வரவில்லை. வராது என்பதே இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிகிறது. எத்தனை பேரை இதே மூலையில் உட்காரவைத்து 'ரெண்டு நிமிசம் சார், இப்பம் கூப்பிட்டுருவாவ' என்று சொல்லியிருக்கிறாள், பாவம், எல்லோரும் வெந்திருப்பார்கள். ஒருத்தராவது சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள். வீடு வாங்குகிற சந்தோஷத்தில் வேர்வை கூடத் தெரியாது போல. அவளுக்கும் தெரியவில்லை, ரவிக்கை முதுகோடு ஒட்டின பிறகுதான் தெரிந்தது.

முகூர்த்த நாள். வராந்தா கொள்ளாமல் கூட்டம். சன்னல் பக்கத்து நாற்காலியில் ஞானசுந்தரி டீச்சர், வீட்டை விற்கிறவர், கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். செபமாக இருக்கும். செபமாக இருந்தால் நல்லது, 'ஆண்டவரே இந்த வீட்டை விக்கலாமா வேண்டாமா' என்று கேட்டுக்கொண்டிருந்தால் என்ன செய்வது? வடிவு வேறு பக்கம் பார்த்தாள். வேறு பக்கம் பார்த்தால் தூண். தூணோரம், அவள் எப்போதும் நிற்கிற இடத்தில், தோள் படுகிற உயரத்தில் சுண்ணாம்பு தேய்ந்து போயிருக்கிற அதே இடத்தில், பீர் மைதீன் சாய்ந்து நின்று செல்போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். இவளைப் போலவே புரோக்கர். மேலப்பாளையத்துக்காரன். இவளுக்குப் பத்து வயசு இளையவன். இவள் பார்ட்டியை அவன் தட்டிக்கொண்டு போயிருக்கிறான், அவன் பார்ட்டியை இவள் தட்டியிருக்கிறாள், ரெண்டு பேரும் ரோட்டில் நின்று வாய் கிழியச் சண்டை போட்டுவிட்டு ஒரே டீக்கடையில் டீ குடித்திருக்கிறார்கள். இன்றைக்கு அவன்தான் அவளுக்குப் புரோக்கர். கைப்பைக்குள் ஒரு கவர் இருக்கிறது, அதற்குள் அவனுக்கு உண்டான கமிஷன். நூற்றுக்கு ரெண்டு. வாங்குகிற பார்ட்டி புரோக்கருக்குக் கொடுப்பது. பையைத் திறக்காமலேயே வெளியிலிருந்து தடவிப் பார்த்தால் கவரின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது. தட்டுப்படும்போதெல்லாம் ஒரு பெருமை, உடனே பின்னாலேயே ஒரு பயம். இவன் வாங்க மாட்டான். காலையில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டான்: "யக்கா, கமிஷன் கிமிஷன்னு ஏதும் கொண்டுவந்துராதிய. நமக்குள்ள என்னத்துக்கு?" நல்ல மனசோடுதான் சொன்னான். புரோக்கர் வீடு வாங்கினால் புரோக்கர் கமிஷன் வாங்கப்படாது, அது தொழிலில் எழுதாத சட்டம், அவளுக்குத் தெரியாதா? அவளே அப்படி விட்டுக் கொடுத்தவள்தான். ஆனால் அவன் அதைச் சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது. கமிஷன் வாங்கவில்லை என்றால் அவள் பார்ட்டி இல்லை. தொழிலில் கூட இருக்கிற ஒரு பொம்பளைக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு ஒதுக்கிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அதுக்கா இவ்வளவு பாடு?

அவனிடம் முதலில் போய்க் கேட்ட நாளை நினைத்தால் இப்பவும் சிரிப்பு வருகிறது. டீச்சர் நம்பர் இவள் போனிலேயே இருந்தது. டீச்சர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டை முடித்துக் கொடுத்தவளே இவள்தான். டீச்சர் பெங்களூருக்கு மகனோடு இருக்கப் போகிறார், வீட்டை மைதீனிடம் சொல்லி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் நேராகப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். டீச்சரே பின்னால் கேட்டார், "ஏன் வடிவு, நீ நேரா வந்திருக்கலாம்லா, எதுக்கு நடுவுல ஒரு ஆளு?" எதுக்கு என்றால் என்ன சொல்வாள்? நேராக வருகிற பார்ட்டிகளை அவள் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறாள். வீட்டைக் காட்டுவது இவள், வெயிலில் அலைவது இவள், ரெண்டாவது நாளே புருசனும் பெண்டாட்டியும் இவளுக்குத் தெரியாமல் ஓனர் வீட்டுக் காலிங் பெல்லை அமுக்குவார்கள். அந்தச் சோலியை அவள் செய்வாளா? அது ஒன்று. இன்னொன்று, அதை யாரிடமும் சொல்ல முடியாது, மகளிடம்கூடச் சொல்லவில்லை: அவளுக்கு ஒருத்தர் வீடு காட்டணும். ஒருத்தர் கூட்டிக்கொண்டு போய், கேட்டைத் திறந்துவிட்டு, 'வாங்கம்மா, பாத்து வாங்க, படி இருக்கு' என்று சொல்லணும். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சொன்ன அந்த வார்த்தையை அவளிடம் ஒருத்தரும் சொன்னது கிடையாது. வாடகைக்குப் போன வீடுகளில் எல்லாம் ஓனரம்மா சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டு 'நீங்கதான் புரோக்கராச்சே, நீங்களே பாத்துக்கிடுங்க' என்று போய்விடுவாள். அதனால்தான் டீக்கடையில் மைதீனிடம் போய், "எனக்கு ஒரு வீடு காட்டு, டீச்சர் வீட்டைக் காட்டு" என்றாள். அவன் டீயை ஊதிக்கொண்டே, "பார்ட்டி யாரு?" என்றான். "நாந்தான்." "வெளையாடாதியக்கா. பார்ட்டி யாரு? யாராவது டாக்டரா?" "நாந்தாம்ங்கேன்." அவன் முகத்தைப் பார்க்கணுமே. நம்பவே இல்லை. பின்னால் ஒரு பெரிய பார்ட்டியை ஒளித்து வைத்துக்கொண்டு வடிவக்கா தன் கையிலிருக்கிற வீட்டைத் தட்டப் பார்க்கிறாள் என்றே நினைத்தான். பேங்க் லோன் கடிதத்தைப் பார்த்தும் நம்பவில்லை, அட்வான்ஸ் கொடுத்த அன்றைக்கும் நம்பவில்லை. இதோ இப்போதும் தூணில் சாய்ந்தபடி வாசலைப் பார்க்கிறானே, அது எதுக்கு? பளபளவென்று ஒரு கார் வந்து நிற்கும், அதிலிருந்து உண்மையான பார்ட்டி இறங்கும் என்று பார்க்கிறான். பாருப்பா, நல்லாப் பாரு. ஒரு காரும் வராது.

வீடு காட்ட வந்தானே, அது ஒரு கூத்து. தெரு தெரியும், வீடு தெரியும், வீட்டு முருங்கைமரம்கூடத் தெரியும். இருந்தும் அவளைச் சுற்றுவழியாகக் கூட்டிக்கொண்டு போனான். புதுப் பார்ட்டிக்கு வழி பிடிபடக் கூடாது, பிடிபட்டால் நாளைக்கு நேராக வந்துவிடும் என்று புரோக்கர்கள் செய்கிற வேலை. அவளுக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது, சரி, பார்ட்டி மாதிரி நடத்துகிறான் என்று. ஆனால் வீட்டு வாசலுக்கு வந்ததும் கேட்டைத் தள்ளிவிட்டு விறுவிறுவென்று அவன் முன்னால் உள்ளே போய்விட்டான். போய் ஹாலில் நின்றுகொண்டு மகாராஜநகரில் ஏதோ பிளாட் விற்காமல் கிடக்கிற கதையைச் சொல்ல ஆரம்பித்தான். வடிவுக்கு வந்ததே கோபம். புரோக்கர் பார்ட்டிக்கு முன்னால் உள்ளே போகலாமா? யார் சொல்லிக்கொடுத்தது? வீட்டைக் காட்டுவது என்றால் என்ன, கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கணும், பார்ட்டியின் கால் முதலில் உள்ளே படணும், பொம்பளை அடுப்படிக்குள் போனால் பின்னாலேயே போகக் கூடாது, அவள் அலமாரியைத் திறந்து பார்க்கணும், அடுப்பு வைக்கிற திண்டில் கையை வைத்துப் பார்க்கணும், தனியாக நின்று 'எங்கன மிக்ஸி வைக்கலாம்' என்று யோசிக்கணும். அந்த யோசனை வந்துவிட்டால் வீடு முடிந்த மாதிரி. "மைதீனு, வெளிய வா," என்றாள். "என்னக்கா?" "வெளிய வாங்கேன். வந்து ஒழுங்கா எனக்கு வீட்டைக் காட்டு." டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவன் வெளியே வந்தான். கேட்டைச் சாத்தினான், திரும்பத் திறந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு, "வாங்கக்கா, பாத்து வாங்க, படி இருக்கு," என்றான். சிரிக்காமல் சொன்னான், அதற்காகவே அவனுக்குப் புண்ணியம் கிடைக்கும். அவள் வலது காலை வைத்து உள்ளே போனாள். ஹால், ஒரு ரூம், அடுப்படி, பின்னால் துணி காயப்போடக் கொஞ்சம் இடம். அடுப்படியில் தனியாக நின்றாள். திண்டில் கை வைத்தாள். கறுப்புக் கல், குளிர்ந்து கிடந்தது. சன்னல் வழியாக முருங்கைக் கொப்பு ஒன்று கைக்கெட்டுகிற தூரத்தில் ஆடியது. எங்கன மிக்ஸி வைக்கலாம் என்று நினைத்தாள். நினைத்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஐயையோ, நமக்கே வந்துட்டே!

அப்புறம் விலை பேசினார்களே, அதை நினைத்தால் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா? மைதீன் நன்றாகத்தான் ஆரம்பித்தான். வீடு பழசு, மொட்டைமாடியில் பதித்த தட்டோட்டைப் பெயர்த்து வேலை பார்க்கணும், மழைக்குச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாக அடுக்கி டீச்சரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு வந்தான். பார்ட்டி வாயைத் திறக்கக் கூடாது, முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளணும், அவள் பார்ட்டிகளுக்குப் படித்துப் படித்துச் சொல்கிற பாடம் அது. அவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் பாவம் தணிந்த குரலில், "இல்ல தம்பி, போர்ல எந்தக் கோடையிலயும் தண்ணி வத்தினதில்ல," என்றார். அவ்வளவுதான், எங்கிருந்துதான் வந்ததோ, வடிவின் வாய் தானாகத் திறந்தது. "டீச்சர் சொல்லுததும் நியாயந்தான மைதீனு! தெரு பூரா லாரித் தண்ணி வாங்கும்போது இந்த வீட்டுல மட்டும் மோட்டார் ஓடிச்சுல்லா. பஸ் ஸ்டாப் பக்கம், பள்ளிக்கூடம் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம், இந்த விலைக்கு இங்கன எங்கன கெடைக்கும்?" பேசிக்கொண்டே போகிறாள். விற்கிறவர் தயங்கினால் வாங்குகிறவரை ஏற்றணும், வாங்குகிறவர் தயங்கினால் விற்கிறவரை இறக்கணும், இத்தனை வருசமாக நாக்கு அதற்கே பழகிப்போய்விட்டது. ஏறுவது யார் தலையில் என்று நாக்குக்கு என்ன தெரியும்? மைதீன் காலால் அவள் காலை மிதித்தான். அதற்குள் டீச்சர் தெம்பாகி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இறங்கின விலை அம்பதாயிரம் திரும்ப ஏறி இருபத்தி மூன்றரை லட்சத்தில் போய் நின்றது. தெருவுக்கு வந்ததும் அவன் கேட்டான், "யக்கா, நீங்க யாரு பக்கம்?" அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. "சொந்தக் காசா இருந்தா இப்படி ஏத்தி விடுவியளா? எனக்குத் தெரியும்க்கா. பார்ட்டி யாரு? சொல்லுங்க." சொந்தக் காசுதானய்யா. புருசன் தவறின பிறகு கட்டின சீட்டு, கழுத்தில் கிடந்தது, மகள் கல்யாணம் போக மிஞ்சினது, மிச்சத்துக்கு லோன். ஒவ்வொரு ரூபாயும் கால் தேய நடந்து சம்பாதித்தது. அதில் அம்பதாயிரத்தைத் தன் வாயாலேயே ஏற்றிவிட்டுக் கொடுத்த ஒரே வீட்டுக்காரி இந்தத் தாலுகாவில் அவளாகத்தான் இருப்பாள். போகட்டும். விலை கூடின வீடு, அதுவும் ஒரு பெருமைதான்.

உள்ளேயிருந்து ஒரு நம்பர் கூப்பிட்டார்கள். அவள் படக்கென்று எழுந்தாள், அவளுடையது இல்லை, திரும்ப உட்கார்ந்தாள். டீச்சர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். அது என்ன சிரிப்பு? மனசு மாறிவிட்டவர்கள் அப்படித்தான் முதலில் சிரிப்பார்கள். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த பிறகு எழுந்து போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள், பேனாவை மூடிக்கூட வைக்காமல் போனவர்கள். கைப்பையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். பார்ட்டிகள் இப்படி நடுங்கும்போது அவள் என்ன சொல்வாள்? 'ஒண்ணும் ஆகாது சார், நான் இருக்கேம்லா' என்பாள். இப்போது யார் இருக்கிறார்கள்? தூணைப் பார்த்தாள். மைதீன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தானோ என்னவோ, உள்ளங்கையை மெல்ல அசைத்துக் காட்டினான், பேசாம இருங்க, ஒண்ணும் ஆகாது என்று. பரவாயில்லை, தொழில் தெரிந்தவன்தான். அவள் கை தன்னால் பைக்குள் போய்க் கவரைத் தொட்டது. கணக்குப்படி நாற்பத்தி ஏழாயிரம். ஆனால் கவரில் நாற்பத்தி ஐந்துதான் இருக்கிறது. காலையில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எண்ணி, அதிலிருந்து ரெண்டாயிரத்தை உருவித் தனியாக மடித்து இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். காசு இல்லாமல் இல்லை, இருக்கிறது, ஆனாலும் உருவினாள். முழுக் கமிஷனை முகம் சுளிக்காமல் தூக்கிக் கொடுத்த பார்ட்டியை அவள் இந்த ஜென்மத்தில் பார்த்ததில்லை. வக்கீல் குறைப்பார், பேராசிரியர் குறைப்பார், கோயில் கட்டுகிறவர் குறைப்பார். 'பால் காய்ச்சும்போது பாத்துக்கிடலாம்' என்பார்கள், எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி. குறைக்காமல் கொடுத்தால் அது ஒரு புரோக்கர் இன்னொரு புரோக்கருக்குக் கொடுக்கிற காசாகத்தான் இருக்கும். குறைத்துக் கொடுக்கணும். அவன் எண்ணணும். எண்ணி, குறைகிறது என்று கேட்கணும். அவன் கேட்பானா?

பால் காய்ச்சும்போது என்றதும் அந்தப் பச்சை வீடு ஞாபகம் வந்துவிட்டது. வேண்டாம், நல்ல நாளும் அதுவுமா அது எதுக்கு என்று தள்ளிப் பார்த்தாள். போகவில்லை. பாக்கிக் கமிஷனுக்கு, பால் காய்ச்சுகிற அன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வாழைமரம் கட்டி, மைக் செட் வைத்து, தெருவே கூடியிருந்தது. அந்த வீட்டுக்கு அந்தக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு முதன்முதலில் உள்ளே போனவள் இவள், எந்த ரூமில் வெளிச்சம் எப்படி விழும் என்று சொன்னவள் இவள். வாசலில் காலை வைத்ததும் வீட்டுக்காரம்மா ஓடி வந்து, "வடிவக்கா, கேட்டுலயே நில்லுங்க, கொண்டாரச் சொல்லுதேன்," என்றாள். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. உள்ளே வந்து எல்லோர் முன்னாலும் கமிஷன் பேச்சை எடுத்துவிடுவாளோ என்ற பயம், பாவம். கேட்டில் நின்றாள். கவர் வந்தது, கூடவே ஒரு டம்ளர் பாயசம். நின்றுகொண்டே குடித்தாள். முந்திரி எல்லாம் போட்ட நல்ல பாயசம்தான். ஆனால் அன்றைக்குத்தான் முடிவு செய்தாள், செத்தாலும் தன் பேரில் ஒரு கேட் வாங்கிவிட்டுத்தான் சாவது என்று. அந்த நாளை நினைத்தால் முன்பெல்லாம் அழுகை வரும். இன்றைக்கு வரவில்லை. வேர்த்து வடிகிற இந்த மூலையில், இந்தப் பெஞ்சில், வரவில்லை. அட, இதுவல்லவோ பெருமை.

"டோக்கன் முப்பத்தி நாலு!" அவர்கள் நம்பர். மைதீன் தூணை விட்டு நிமிர்ந்து, "வாங்க டீச்சர், வாங்க, பாத்து," என்று கையைக் காட்ட, டீச்சர் எழுந்து போனார், பத்திரம் எழுதின கோமதிநாயகம் பிள்ளை காகிதக் கட்டோடு பின்னால் போனார், மைதீன் போனான், வடிவும் போனாள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. கால்கள் தன்னால் அவளை எங்கே கொண்டுபோயினவோ அங்கே போய் நின்றாள். கம்ப்யூட்டர் பெண் டீச்சரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, போட்டோ எடுத்து, விரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னாள். டீச்சர் வைத்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார், மூடிவிட்டார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், மூடிவிட்டார்! அந்தச் சந்தோஷத்தில் அவள் நின்றுகொண்டிருக்கும்போது மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி காகிதத்தைப் பார்த்தபடியே, "எழுதி வாங்குறவங்க?" என்றார். வடிவு சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள். திரும்பி, கழுத்தை நீட்டி, வெளியே பார்த்து, "பார்ட்டி இந்தா வந்துருவாவ சார், வெளிய ஒக்காந்திருக்காவ," என்றாள். வாயிலிருந்து வந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே காதில் கேட்டது. அதிகாரி தலையைத் தூக்கினார். கோமதிநாயகம் பிள்ளை வாயைப் பிளந்தார். அவள் நின்றுகொண்டிருந்தது சாட்சிக்காரர்கள் நிற்கிற சுவரோரம், கையில் பேனாவைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். மைதீன் அவளைப் பார்த்தான். ஏதோ ஒன்று அவன் முகத்தில் கழன்று விழுந்தது. காரும் வராது, டாக்டரும் வர மாட்டார், இத்தனை நாளும் பார்ட்டி இவள் ஒருத்திதான் என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். "சார், அவ்வோதான் சார்!" என்று கத்தினான். "யக்கா, நீங்கதான்க்கா பார்ட்டி! முன்னாடி வாங்க!" கத்தின கத்து வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டுமே. கூட்டமே திரும்பிப் பார்க்கட்டும். அவள் முன்னால் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். "கேமராவைப் பாருங்கம்மா, சிரிக்காம இருங்க," என்றாள் அந்தப் பெண். எத்தனை பார்ட்டிகளுக்கு இதே வார்த்தையை இவள் சொல்லியிருக்கிறாள், 'சிரிக்காதிய, முகத்தைச் சாதாரணமா வைங்க'. எப்படியம்மா சாதாரணமாக வைப்பது? உதட்டை மூடினால் கன்னம் சிரிக்கிறது, கன்னத்தை இறுக்கினால் கண் சிரிக்கிறது. மூன்றாவது தடவைதான் போட்டோ விழுந்தது. கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். செல்லவடிவு என்று முழுப் பெயரையும் போட்டாள். சாட்சிக் கையெழுத்தில் வெறும் கொக்கி போட்டு விட்டுவிடுவாள், இங்கே ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி எழுதினாள்.

வெளியே புங்கமரத்தடியில் வெயில் சல்லடையாக விழுந்துகொண்டிருந்தது. டீச்சரை அவர் தம்பி மகன் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனான், போகும்போது டீச்சர், "முருங்கைக்குத் தண்ணி ஊத்து வடிவு," என்றார், அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் உடைந்தது. வடிவு ஊற்றுவதாகச் சொன்னாள். மைதீன் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் பையைத் திறந்து கவரை எடுத்தாள். "மைதீனு, இந்தா." அவன் பார்த்தான். "என்னதுக்கா இது? காலையிலயே சொன்னேம்லா. உள்ள வைங்க. பாக்கவங்க என்ன நெனைப்பாவ? தொழில்ல இருக்கவ்வோகிட்டக் கைநீட்டினான்னு என்னைக் காறித் துப்ப மாட்டாவளா?" பக்கத்தில் யார் யாரோ போகிறார்கள் வருகிறார்கள். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. எத்தனையோ மரத்தடியில் இந்தக் கவருக்காக அவள் காத்து நின்றிருக்கிறாள். கவரை வைத்துக்கொண்டு நிற்பது அதைவிடக் கஷ்டம் என்று யார் கண்டது? "பார்ட்டி யாரு பார்ட்டி யாருன்னு கேட்டுக்கிட்டே கெடந்தியே," என்றாள். "உள்ள வச்சு நீயே சொன்னேல்லா. இப்பம் இதை வாங்கலேன்னா நான் வாங்கினது வீடு இல்ல தம்பி, உன் தயவு. உன் தயவு எனக்கு வேண்டாம்." ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மைதீன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கவரை வாங்கினான்.

வாங்கிச் சட்டைப்பைக்குள் அப்படியே வைத்துவிடுவானோ என்று அவளுக்கு உயிரே போய்விட்டது. வைக்கவில்லை. ரோட்டுக்கு முதுகைக் காட்டி, மரத்தைப் பார்க்கத் திரும்பி, விரலை நாக்கில் தொட்டு எண்ண ஆரம்பித்தான், தொழில்காரர்கள் எண்ணுகிற மாதிரி, உதடு அசையாமல். ஓ, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படித்தான் தெரியுமா? புரோக்கரின் முதுகும் பிடரியும் மட்டும். காலரில் வேர்வைக் கறை. கமிஷனை எண்ணும்போது அவள் பிடரியையும் இப்படித்தானே அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். கடைசி நோட்டு வந்தது. விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து ஒருதரம் எண்ணினான். அவன் தெரிந்துகொண்டான். இப்போது விட்டுவிடலாம், சரிக்கா என்று சொல்லிவிட்டு மடித்து வைத்துக்கொள்ளலாம், எந்த நல்ல மனுசனும் அதைத்தான் செய்வான். நல்ல மனுசனாக இருந்துவிடாதே மைதீனு, இந்த ஒரு தடவை இருந்துவிடாதே என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பினான். பிடரியைச் சொறிந்தான். முகத்தை, அந்த முகத்தை அவளுக்குத் தெரியும், அவளே கண்ணாடி பார்த்துப் பழகின முகம், பாதி கெஞ்சலும் பாதி எரிச்சலுமாக வைத்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டாயிரம் கொறையுதேம்மா."

அம்மா என்றான். அக்கா இல்லை. சுருக்குப்பையில் மடித்து வைத்த நோட்டு இடுப்பில் உறுத்தியது. அவள் தலையை நிமிர்த்திக்கொண்டாள். ஊரில் வீடு வாங்கின அத்தனை பேரும் தன்னிடம் சொன்னதை, அவர்கள் சொன்ன அதே அலட்சியத்தோடு சொன்னாள்: "பால் காய்ச்சும்போது பாத்துக்கிடலாம். எங்கன ஓடியாப் போயிரப் போறேன்?" மைதீன் கவரை மடித்தான். "எல்லாப் பார்ட்டியும் இதத்தாம்மா சொல்லுதாவ," என்று முனகினான். வடிவுக்கு அந்த இடத்திலேயே அவனைக் கட்டிப்பிடித்து அழணும் போல இருந்தது, பார்ட்டி அப்படியெல்லாம் செய்யாது என்பதால் செய்யவில்லை. ஆட்டோவில் ஏறினாள். பார்ட்டியோடு போகும்போது டிரைவர் சீட்டில் பாதி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவள், இன்றைக்குப் பின் சீட்டில் நட்டநடுவில் உட்கார்ந்து சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தலையை வெளியே நீட்டினாள். "வார வெள்ளிக்கிழமை காலையில பால் காய்ச்சுதேன். வந்து பாக்கியை வாங்கிக்கிடணும். கேட்டுல நிக்கப்பிடாது, சொல்லிட்டேன். உள்ள வந்து, ஹால்ல நாற்காலியில ஒக்காந்து, சாப்பிட்டுட்டு வாங்கிக்கிடணும்." ஆட்டோ கிளம்பிவிட்டது. அவன் கவரைப் பிடித்த கையைத் தூக்கினான்.

"வாரேம்மா," என்றான்.